கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி

பாகூரில் வேன் ஓட்டுகிறேன். கல்யாணம், சபரிமலை, ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சென்னை விமான நிலையம்தான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவரை ஏற்றிவிடப் பத்துப் பன்னிரண்டு பேர் புளிச்சோற்றோடு வண்டியில் ஏறுவார்கள். திண்டிவனம் தாண்டியதும், முதல்முறை பறக்கப் போகிறவர் முகம் வெளுத்துவிடும். அப்போது நான் ஆரம்பிப்பேன். பெட்டியை எங்கே எடை போடுவார்கள், எந்தப் பக்கம் முத்திரை குத்துவார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் எப்படிக் கூச்சப்படாமல் நிற்பது என்று எல்லாம் சொல்வேன். இருபது வருஷமாக வாயைப் பிளந்து கேட்டார்கள்.

நான் உள்ளே போனதே இல்லை. பழைய கட்டடத்தில், வழியனுப்ப வந்தவர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகலாம். எல்லோரும் போவார்கள். நான் வண்டியை விட்டு நகர்ந்தால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். திரும்பி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான் என் ஞானமெல்லாம். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவன் சாமி அலங்காரத்தை வர்ணித்த கதை.

பிரான்சில் என் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மருமகன் ஒரு டிக்கெட்தான் எடுத்தார், என் மனைவிக்கு. பிரசவத்துக்கு அம்மாதானே வேண்டும், நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் அதிகமாக எரிந்தது. கடலூர் பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை முகர்கிறவள் அவள்.

பழைய கட்டடத்தை இடித்ததையும், தகரத் தடுப்புக்குப் பின்னால் புதியது எழுந்ததையும் ஒவ்வொரு சவாரியிலும் பார்த்தவன் நான். அது திறந்த பிறகு முதல் சவாரி இவளுக்கு என்று அமைந்தது. வழியெல்லாம் நான் வழக்கமான பாடத்தைச் சொல்ல, அவள் "சரிய்யா, சரிய்யா" என்று வந்தாள். அங்கே போனதும் வண்டியைக் கீழே, வருகிறவர்கள் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"மேல போவச் சொல்லி அம்பு போட்ருக்குதுய்யா" என்றாள் அவள்.

கண்ணாடிக் கதவில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வழி தெரியாமல் அழுதுகொண்டு போன் செய்வாள் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், ஆசைப்பட்டேன். போன் வந்தது.

"நீ சொன்னது ஒண்ணுமே இங்க இல்லய்யா. எல்லாத்தையும் மாத்திட்டானுங்க. நானே கேட்டுக் கேட்டுப் போய்ட்டேன். கூரையப் பாக்கணுமே, கோலம் போட்ட மாரி இருக்குது."

"சார்ஜ் தீந்துடப் போவுது, வை" என்று சொல்லிக் கட் செய்தேன். பேத்தி பிறந்த சேதி வரும்வரைக்கும் அவளோடு சரியாகவே பேசவில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். வீடு நிறையப் பெண்கள். சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே அவளைத்தான் கேட்டார்கள், என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. எதிர்வீட்டு அம்மா அடுத்த மாதம் மகனிடம் போக என் வண்டியைத்தான் சொல்லியிருந்தார். அவர் கேட்டார்: "ஏர்போர்ட்டு உள்ள எல்லாம் உங்க வூட்டுக்காரு சொல்ற மாரிதான் இருந்துச்சாடி?"

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது வருஷப் பேர் போய்விடும். இனி எவன் என் பேச்சைக் கேட்பான்?

"அப்டியேதான் இருந்துச்சுக்கா. அவரு சொன்னத வெச்சித்தான் தட்டுத் தடுமாறாம போனேன்" என்றாள் என் மனைவி.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. எல்லோரும் போனபிறகு, பெட்டியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குப் பொய் சொன்ன?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வந்தவ நானு. நீ சொல்லிக்கினு போயேன், எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"