வளைச்சுப்பாரு சாரும் அவருடைய கையெழுத்தும்

வளைச்சுப்பாரு சார் என்றால், அவருடைய ஊர்த் தொழிற்பள்ளியில் படித்த எவனும் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவான். இருபத்திரண்டு வருடம் அங்கே வெல்டிங் தேர்வு நடத்தியவர். இரண்டு இரும்புப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு வந்து மாணவன் பெருமையோடு நீட்டுவான். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் மயங்கமாட்டார். வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கி, சுத்தியலால் நாலு போடு போட்டு வளைப்பார். பிளந்தால் ஃபெயில், பிளக்காவிட்டால் கீழே ஒரு கையெழுத்து. "வளைச்சுப் பாரு, அப்புறம் பேசு" என்று அவர் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

ஆயிரத்துச் சொச்சம் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்ட அந்த மனிதரிடம் சொந்தமாக ஒரு சான்றிதழ் கிடையாது. பள்ளி தொடங்கியபோது அவரைச் சோதிக்கும் அளவுக்கு வேலை தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை, அதனால் அவரையே சோதிப்பவராக்கிவிட்டார்கள். அங்கே இருந்தவரை அது யாருக்கும் உறுத்தவில்லை. பிறகு சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்து பதிவேடுகள் எல்லாம் எரிந்துபோயின. அவரும் மனைவியும் மகளும் ஒரே ஒரு பையோடு எல்லை தாண்டி இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இங்கே இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று அளந்து எழுதுவது அதன் பணி. அளப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று அளக்க மட்டும் அலுவலகம் எதுவும் இல்லை. முதல் நாள் ஒரு குமாஸ்தா அவரை உட்காரவைத்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"வெல்டிங் தேர்வு எடுப்பேங்க."

குமாஸ்தா கணினியில் மேலும் கீழும் தேடினார். "தேர்வு எடுக்கிறதுன்னு எங்க பட்டியல்ல இல்லையே. பொதுவாச் சொல்லுங்க, எந்த மாதிரி இடத்துல வேலை?"

"நெருப்புப் பக்கத்துல."

"அப்படிச் சொல்லுங்க!" என்று குமாஸ்தா குளிர்ந்துபோய் எதையோ தட்டினார். அடுத்த வாரமே அவரை ஒரு பேக்கரிக்கு அனுப்பினார்கள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, தனக்கு ஊசி வேலை நன்றாக வரும் என்று சொல்லியிருந்தாள். பதினைந்து வருடம் தையல் கடை வைத்திருந்தவள். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவளுக்கு ஊசி போடத் தெரியாது என்று அங்கே கண்டுபிடித்து, தரை துடைக்க விட்டார்கள்.

பேக்கரியில் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்து அடுக்குவது அவர் வேலை. கை சும்மா இருக்குமா? சூடான ரொட்டியை எடுத்து வளைத்து, பிளக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றுகூடத் தேறவில்லை. "சார், ரொட்டின்னா பிளக்கத்தான் செய்யும், கீழ வைங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அந்த மாவு வாசனையில் அவருக்கு மூச்சு முட்டியது. முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு மறுபடி இரும்பின் முன்னால் நிற்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை இல்லை. அதற்கு அந்த அலுவலகம் தரும் தகுதித் தாள் வேண்டும்.

பதினோரு மாதம் மனு மேல் மனுவாக எழுதிய பிறகு ஒரு மதிப்பீட்டு அதிகாரியம்மா கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி, வாய் நிறையச் சிரிப்பவர்.

"உங்க பள்ளியில படிச்ச ஒருத்தருக்கு நாங்க ஏற்கெனவே தகுதி குடுத்திருக்கோம். அவர் சான்றிதழ்ல இருக்கிற தேர்வாளர் கையெழுத்து எங்க பதிவுல ஏறியிருக்கு. நீங்கதான் அந்தத் தேர்வாளர்னு தெரிஞ்சாப் போதும், உங்களுக்கும் குடுத்துடலாம்."

"அதை எப்படிம்மா காட்டுறது?"

"கையெழுத்துப் போடுங்க."

இவ்வளவுதானா என்று ஒரே இழுப்பில் போட்டுக் கொடுத்தார். அதிகாரியம்மா அதை ஓர் இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகவில்லை என்றார். அடுத்த மாதம் வந்து நிதானமாக இன்னொன்று போட்டார். அதுவும் ஒத்துப்போகவில்லை.

"மூணு தடவைதான் வாய்ப்பு. மூணாவதும் சரியா வரலைன்னா கோப்பை மூடிடுவோம். அப்புறம் திறக்க வழியே இல்லை."

"எதோட ஒத்துப்போகலை? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

அதிகாரியம்மா ஒரு சான்றிதழின் நகலை எடுத்து, பெயரையும் புகைப்படத்தையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினார். அடுத்தவர் விவரம் ரகசியமாம். கையெழுத்து மட்டும் தெரிந்தது. அதன் வால் தேள் கொடுக்கு மாதிரி மேலே சுருண்டு நின்றது. அதற்கு மேலே மதிப்பெண், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அவருக்குப் பொறுக்கவில்லை. "நான் என் ஜென்மத்துல எவனுக்கும் எண்பதுக்கு மேல போட்டதில்லை! இது என் கையெழுத்தே இல்லைம்மா."

"அப்போ நீங்க அந்தத் தேர்வாளர் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். "அதே பள்ளியிலருந்து இன்னும் நாலு பேர் வந்தாங்க. அவங்க தாள்ல எல்லாம் நீங்க இப்போ போட்ட மாதிரியேதான் இருந்துச்சு. நாலும் போலின்னு நிறுத்தி வெச்சிருக்கோம்."

அவர் நகலை நோக்கிக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, எழுத வசதியாக அதிகாரியம்மா உள்ளங்கையை நகர்த்தினார். புகைப்படத்திலிருந்து அவரைப் பார்த்தவன், அவரிடம் படித்த மூணுதரம்.

மூணு முறை தேர்வு எழுதி மூணு முறையும் ஃபெயில் ஆனதால் வந்த பெயர் அது. இப்போது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் எட்டுப் பேருக்கு மேஸ்திரி. பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். எதிரே சாரைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். பயம் போகவில்லை பாவம் என்று அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதாதீங்கம்மா. மூணாவது தடவை போடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நேரே பட்டறைக்குப் போனார். மூணுதரம் தனியாகத்தான் இருந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், பிள்ளைகுட்டிக்காரன் சார்."

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு ஒட்டுப் போடு."

போட்டான். கசடைத் தட்டி நீட்டினான். அவர் வைஸில் இறுக்கிச் சுத்தியலை எடுத்தார். அது பிளக்க வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளந்திருந்தால் அவனை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார், எவன் தலையிலும் கதவு விழாமல் தடுத்த திருப்தியாவது கிடைத்திருக்கும். நாலு போடு போட்டார். இரும்பு வளைந்ததே தவிர, ஒட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படா கத்துக்கிட்ட?"

"வேலை கிடைச்ச பிறகுதான் சார். மாட்டிக்குவோம்ங்கிற பயத்துலயே கத்துக்கிட்டேன்."

"எழுபது போடலாம்" என்றார், வேண்டா வெறுப்பாக. "சரி, என் கையெழுத்தை ஏண்டா இப்படிக் கோணலாப் போட்ட? ஒழுங்காப் போட்டிருந்தா எனக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?"

மூணுதரம் தலையைக் குனிந்துகொண்டான். "என்கிட்ட இருந்தது மூணு ஃபெயில் தாள்தான் சார். அதுல நீங்க கோவமாப் போட்டிருந்தீங்க. பாஸானவங்களுக்கு எப்படிப் போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் ஒரு டிரம் மேல் உட்கார்ந்தார். இவனைக் காட்டிக்கொடுத்தால் இவன் குடும்பம் தெருவுக்கு வரும். காட்டிக்கொடுத்தாலும் நம்புவதற்கு ஆள் இல்லை, அலுவலகத்தைப் பொறுத்தவரை போலி அவர்தான். அவர் தேறினால்தான் அந்த நாலு பேருக்கும் விடிவு.

"பேனா எடு. சொல்லிக்குடு."

மாணவன் சொல்லிக்கொடுத்தான், வாத்தியார் எழுதினார். "வால் மேல போகணும் சார். இல்ல சார், இது ரொம்பச் சாந்தமா இருக்கு. என்னை நெனச்சுக்கிட்டுப் போடுங்க." நோட்டுப் புத்தகம் பாதி தீர்ந்த பிறகு, "இப்போ தேறிட்டீங்க" என்றான். அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை அவர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார். அதோடு விடாமல் பத்து நாள் பேக்கரி அட்டைப் பெட்டிகளில் எல்லாம் அதையே போட்டுப் பழகினார்.

மூன்றாவது தடவை அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது. அதிகாரியம்மா எழுந்து வந்து கைகொடுத்தார். "பாத்தீங்களா, பதறாமப் போட்டா சரியா வருது!" என்று சொல்லி, முழுத் தகுதி என்று முத்திரை குத்தினார். போலி என்று நிறுத்திவைத்திருந்த நாலு சான்றிதழ்களையும் எடுத்து முன்னால் வைத்தார். அவற்றில் இருந்த தன் பழைய கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்திலேயே கோபக் கையெழுத்தை நாலு முறை போட்டுக் கொடுத்தார் வளைச்சுப்பாரு சார். நாலு பேரும் நிஜமானார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் பள்ளிச் சுற்றுலா அனுமதித் தாளோடு காத்திருந்தாள். அவர் வாங்கி, உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டார். வால் மேலே சுருண்டது.

"அப்பா, இது உங்க கையெழுத்து இல்லையே! டீச்சர்கிட்ட பழசு இருக்கு. நானே போட்டேன்னு சொல்லிடுவாங்க."

"இரு, இரு" என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பழைய மாதிரி போட முயன்றார். வால் மறுபடி சுருண்டது. இன்னொன்று போட்டார். மூன்றாவதும் போட்டார். இருபத்திரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து கைக்கு வரவே இல்லை. மனைவி வந்து தோள்வழியே எட்டிப் பார்த்தாள். அவர் தாளைக் கையால் மூடிக்கொண்டார். இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பழைய கையெழுத்துதான்.

"குடுங்கப்பா" என்று மகள் பேனாவை வாங்கி, அனுமதித் தாளில் அவர் போட்டதை அடித்துவிட்டு, யோசிக்காமல் ஒரே இழுப்பில் போட்டாள். அச்சு அசல் அவருடைய பழைய கையெழுத்து.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கணக்குப் பரீட்சைத் தாள்ல... ரெண்டு தடவைதாம்மா."

மனைவி கையை ஓங்கினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றை வளைத்துப் பார்க்காமலேயே பாஸ் போட்டார்.