மலையேறிய இன்ஜின்

கருகிய எண்ணெயின் நாற்றம்தான் முதலில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் உதிர்ந்து கிடந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு, அம்மா வடச்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள் என்றே தோன்றியது. அதற்குள் மாவரைக்கும் எங்கள் ‘மிஷின் கொட்டாயில்’ இரும்பை இரும்பால் அறைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, கேட்கிறோம் என்பதையே மறந்துபோயிருந்த அந்தத் தடதடப்பு சட்டென்று நின்றுவிட்டது. மாமா கொட்டாய்க்கு வெளியே வந்து, கக்கத்தில் தடியை ஊன்றியபடி நின்றார். கேழ்வரகுக் கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு இல்லாத காலம் அது. சேந்தமங்கலம் போக வேண்டுமென்றால் பாறைகளுக்கிடையே செங்குத்தாக இறங்கும் ஒற்றையடித் தடம்தான் வழி. அப்படிப்பட்ட மலையில், எடப்புளி நாடு என்று நாங்கள் சொல்லும் ஊர்த்தொகுதியில், எங்கள் வீட்டில் ஒரு கார் இன்ஜின் இருந்தது. சேந்தமங்கலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கார் பாலத்தில் மோதி நொறுங்கியபோது, பழுதாகாமல் தப்பிய இன்ஜினை அப்பா விலைக்கு வாங்கி, மூங்கிலில் கட்டி, ஆள் வைத்து மேலே கொண்டுவந்தார். அதில் பெல்ட் மாட்டி அரைக்கும் கல்லைச் சுற்றவிட்டார். உலக்கையும் திரிகையுமே கதியென்று இருந்த பெண்கள், பைல் நாட்டிலிருந்தெல்லாம் தானியத்தைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

அந்த இன்ஜின் ஏறி வந்த அன்று நான் கைக்குழந்தை. அம்மாவின் தம்பியான பெரியண்ணன் மாமா சுமையின் கீழ்ப்பக்கத்தில் தோள் கொடுத்திருந்தாராம். மழையில் வழுக்கிய ஒரு பாறைத் திருப்பத்தில் முன்னால் போனவர்கள் தடுமாற, கட்டு நழுவி, இன்ஜின் அவருடைய இடது கால்மீது வந்து உட்கார்ந்துவிட்டது. ஏறிய வழியிலேயே அவரைக் கட்டிலில் வைத்து இறக்கிக்கொண்டு போனார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. சரிவில் ஏர் பிடிக்கவோ மரமேறவோ இனி முடியாது என்றானபின், மாமா அந்த இன்ஜினையே ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் நாட்டில் அவருக்கு ‘மிஷின்காரர்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் பைல் நாட்டுப் பாவாயியின் அப்பா பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அந்த நேரத்தில்தான் இன்ஜின் நின்றது. உலகச் சண்டை நடந்த காலம், சீமெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய் அதைவிட அரிது. கறுத்துப்போன பழைய எண்ணெயையே மாமா துணியில் வடிகட்டித் திரும்பத் திரும்ப ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஆள் அனுப்பி, சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த காதர் மேஸ்திரியை வரவழைத்தார். மூச்சு வாங்க ஏறி வந்த மேஸ்திரி, மோர் குடித்துவிட்டு இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு முறிந்து, இன்ஜினின் கனத்த இரும்பு உடலான பிளாக்கின் பக்கச்சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“ரெண்டு வழிதானுங்க இருக்குது. ஓட்டைக்குத் தகடு வெச்சு முடுக்கி, பழைய ராடு, பிஸ்டன் எங்கயாச்சும் தேடிப் போட்டு, இங்கயே சரி பண்ணலாம். ஆனா எத்தன நாளைக்கு ஓடும்னு கேக்காதீங்க. இல்லாட்டி, பெட்ரோல் இல்லாம கீழ ஒரு கார் சும்மா நிக்குது. இஞ்சினு நல்ல இஞ்சினு. கொடுக்கறேன்னு சொல்றாங்க. அதக் கொண்டாந்துட்டீங்கன்னா கவலையில்ல” என்றார்.

“பிரிச்சுப் பிரிச்சுக் கொண்டாந்தா?” என்று அப்பா கேட்டார்.

“மத்ததையெல்லாம் கூடையில வெச்சுத் தலைச்சுமையா தூக்கிரலாமுங்க. பிளாக் ஒரே வார்ப்பு. அத எப்படிங்க பிரிக்கறது?”

அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குப் புது இன்ஜின்தான் வேண்டும். ஒட்டுப் போட்ட சாமானை நம்பி மச்சினன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்பது அவர் கவலை. அம்மாவோ, “ஒருத்தன் கால வாங்குனது போதாதா? நான் சாகற வரைக்கும் கம்பையும் ராயியையும் கையிலயே இடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பரணில் கிடந்த உலக்கையை எடுத்து இடிக்கவும் தொடங்கிவிட்டாள். நாலைந்து நாளில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். இருவருமே மாமாவுக்காகத்தான் சண்டை போட்டார்கள். மாமா மட்டும் பிரித்துப் போட்ட சாமான்களைச் சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலையில் அப்பா ஊர் ஆண்களை வாசலுக்கு அழைத்துப் பேசினார். தூக்கிவர எல்லோரும் சம்மதித்தார்கள். கீழ்ப்பக்கத்துக்கு யார் என்ற பேச்சு வந்தபோது மட்டும் ஆளாளுக்கு மாமாவின் காலைப் பார்த்தார்கள். அப்போது சடையன் என்ற இளைஞர் முன்னால் வந்தார். நல்ல தேகக்கட்டு. அவருடைய மனைவி, பிறந்து சில மாதமே ஆன குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள்.

“பின்கட்டைக்கு நான் வாரேனுங்க. பெரியண்ணன் நின்ன எடந்தானுங்களே” என்றார் சடையன்.

அந்தப் பெண் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். மாமா அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் தடியை ஊன்றி எழுந்தார்.

“வேண்டாமுங்க மச்சான். இருக்கறதையே சரி பண்ணிக்கலாம்.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்காகத்தான மாப்ள இத்தன பேரு வந்து நிக்கறாங்க? ஒட்டுப் போட்டது நின்னுபோச்சுன்னா பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?”

“நின்னா நிக்கட்டுமுங்க. எனக்கு ஒருத்தன் காலு போய் வர்ற சோறு வேண்டாம்.”

கூட்டம் கலைந்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். தம்பி தன் பக்கம் பேசியதற்கு மகிழ்வாள் என்று நினைத்து நான் பின்னால் போனேன்; அவள் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மேஸ்திரி பழைய ராடும் பிஸ்டனும் தேடிக் கொண்டுவந்து மாட்டி, கெட்டியான தகட்டை வளைத்து, ஓட்டையின் மீது வைத்துத் திருகாணி முடுக்கினார். இன்ஜின் ஓடியது. ஆனால் பழைய ஓட்டம் இல்லை. இருமிக்கொண்டே ஓடியது; தகட்டோரமாக எண்ணெய் கசிந்து தரையெல்லாம் வழுக்கியது; பாதிக் கூடை அரைப்பதற்குள் ஆறவிட வேண்டியிருந்தது.

சாமை அரைக்க வந்தவர்போலப் பாவாயியின் அப்பா ஒருநாள் வந்தார். வெகுநேரம் கொட்டாய்க்குள் நின்று அந்த இருமலைக் கேட்டார். மாமா அவர் முகத்தைப் பார்க்காமல் கசிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போகும்போது பெரியவர், “அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அந்த வைகாசியிலேயே பாவாயியை வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவளை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் இன்ஜின் ஒரேயடியாக நின்றது. மாமா மறுபடி மேஸ்திரிக்கு ஆள் அனுப்பவில்லை. தாமே அவரிடம் போவதென்று முடிவு செய்தார். சமதரையில் கார்கள் வந்து நிற்கிற பட்டறையில் உட்கார்ந்து செய்ய வேலை இருக்கும் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். டோலி கட்டி இறக்குவதாக அப்பா கெஞ்சியும் மாமா கேட்கவில்லை. தடியை ஊன்றியும், செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தும், தாமாகவே இறங்கினார். சடையன் அவருடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனார். வளைவில் மறையும் வரை அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தடத்தில் திரும்பிப் பார்த்தால் விழ வேண்டியதுதான்.

பட்டறையில் அவர் நல்ல பெயர் எடுத்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போய்ப் பார்ப்பாள். அவர் மலைக்கு மறுபடி ஏறவே இல்லை. ரோடு போடுவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இன்று வளைவு வளைவாக ரோடு ஏறி வருகிறது. மாவு மில்லுக்கு மோட்டார் கெட்டுப்போனால் சாயங்காலத்துக்குள் வேனில் புதியது வந்து இறங்குகிறது. பழைய தடம் புதர் மண்டி மூடிவிட்டது. அதன் வாய் எங்கே இருந்தது என்று சென்ற முறை போனபோது எனக்கே பிடிபடவில்லை. கொட்டாயும் இல்லை, இன்ஜினும் இல்லை. சடையன் மட்டும் வெகுகாலம் இருந்தார். தலையில் பலாப்பழத்தோடு அவர் மேட்டில் ஏறி வரும்போதெல்லாம் என் கண் முதலில் அவர் கால்களுக்குத்தான் போகும். “என்ன கண்ணு அப்பிடிப் பாக்கற?” என்பார். “ஒண்ணுமில்லீங்க” என்பேன். இரண்டு கால்களும் சேறு படிந்து, நரம்பு புடைத்து, நல்லபடியாக இருக்கும்.