ஹானர்ஸ் படிக்க ஒரு ஆம்பளை கையெழுத்து

இன்னைக்குக் காலேஜ் ஆபீஸ்ல நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கல.

பி.எஸ்சி மேத்ஸ்ல நாலாவது வருசம் ஹானர்ஸ் படிக்க எனக்கு எடம் கெடச்சிருக்கு. பாரத்துல பெற்றோர் கையெழுத்து போட, கறம்பக்குடியிலேர்ந்து அம்மா பஸ் ஏறி வந்துச்சு.

அம்மா கையெழுத்தைப் பாத்துட்டு கிளார்க் சார், "அப்பா வரலையாம்மா?"ன்னாரு.

"அவரு துபாய்ல இருக்காருங்க. பத்து வருசமா வீட்டுல எல்லாத்துக்கும் நாந்தான் கையெழுத்து போடுறேன்."

"இது ஒரு வருசம் கூடப் படிக்கிற விசயம்மா. நாளைக்கு அவரு வந்து சத்தம் போட்டா யாரு பதில் சொல்றது? சித்தப்பா, மாமான்னு யாராச்சும் ஆம்பளையக் கூட்டிட்டு வாங்க."

ஓட்டு போடுற வயசுல நான் பக்கத்துலயே நிக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அம்மா வாக்குவாதமே பண்ணல. விறுவிறுன்னு வெளிய போயி, எங்களைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே நின்ன ஆட்டோக்காரரைக் கூட்டியாந்துச்சு.

"இவரு என் தம்பிங்க."

அவரும் கையெழுத்து போட்டாரு. உடனே சீல் விழுந்துச்சு.

என் மாமா பேரு என்னன்னு பாரத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒங்க காலேஜ்லயும் மாமா வேணும்னு கேட்டா சொல்லுங்க. அவரு நம்பர் வாங்கி வச்சிருக்கேன்.