முயல் சளிக்கு வம்சம் பார்க்கப் போனோம்

காலை ஏழே கால். தவளக்குப்பத்தில் தனியார் பேருந்து ஏறினோம். புதுவைக்கு எட்டு கிலோமீட்டர், ஆளுக்குப் பத்து ரூபாய். பக்கத்தில் என் அடுத்த வீட்டு ஃபாத்திமா.

தோலுக்கும் கறிக்கும் நான் வளர்க்கும் சின்சில்லா முயல்களில் இரண்டு, நெஞ்சில் சளி கட்டி, மூக்கில் ரத்தம் வந்து செத்துவிட்டன. இணை சேர்க்க ஃபாத்திமா தந்த கடா முயல்தான் நோயைக் கொண்டுவந்தது என்றது தெரு. நானும் தலையாட்டிவிட்டேன். கூண்டைப் பார்க்க வந்த டாக்டரம்மா, செத்த முயல்களோடு கடாவின் மூக்கைத் துடைத்த பஞ்சையும், வெயிலுக்காகக் கூண்டின்மேல் நான் போட்டிருந்த ஈரச்சாக்குகளில் ஒரு துண்டையும் எடுத்துப் போனார். இன்று முடிவு. கடாவிடமிருந்து வந்ததென்றால் அதையும், மிச்சமுள்ள இருபது முயல்களையும் கொன்று புதைக்க வேண்டும்.

முதலியார்பேட்டை நெரிசலில் ஃபாத்திமா கேட்டாள்: "எங் கடா மேல தப்பில்லன்னா தெருவுல சொல்லுவியாக்கா?"

"சொல்றேன்" என்றேன், வாயில் முந்தானையை வைத்தபடி.

"எனக்கே கேக்கல. தெருவுக்கு எங்க கேக்கப்போவுது?"

ஒன்பது மணி. வேறு பேருந்து மாறி, விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி இறங்கி, ஆய்வுக்கூடத்துக்கு நடந்தோம். டாக்டரம்மா கணினியில் கிளை கிளையாக ஒரு மரத்தைக் காட்டினார்.

"கிருமிக்குப் பேரு ஒண்ணுதாம்மா, வம்சம் வேற வேற. செத்த ரெண்டுல ஒண்ணுகிட்ட இருந்தது இந்தக் கிளை, இன்னொண்ணுகிட்ட அந்தக் கிளை. ஒண்ணுகிட்டேர்ந்து இன்னொண்ணுக்குத் தொத்தல. கடா மூக்குல இருந்தது ரெண்டும் இல்ல, மூணாவது."

"அப்போ அந்த ரெண்டும்?" நான்தான் கேட்டேன்! வாய் எப்படித் திறந்ததோ.

"ரெண்டுமே உங்க சாக்குல இருக்கு. காயாத ஈரத்துல குடியிருக்கு. சாக்கைக் கொளுத்துங்க. கூரை மேல தண்ணி தெளிங்க, கூண்டு மேல வேணாம். யாரையும் கொல்ல வேணாம், மூக்கு ஒழுகுதான்னு மட்டும் பாருங்க."

முயல் வாடக்கூடாதென்று நானே தினமும் மூன்று வேளை நனைத்த சாக்கு!

"பாத்தியா, பாத்தியா!" என்று ஃபாத்திமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பகல் பன்னிரண்டரை. தவளக்குப்பத்தில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நடந்தோம். குழாயடியில் ஏழெட்டுப் பேர். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஃபாத்திமா கடா மேல ஒரு தப்பும் இல்ல! என் சாக்குதான் கொன்னுச்சு!" என்று கத்தினேன்.

"போதும்க்கா, கடலூர் வரைக்கும் கேட்டுருக்கும்" என்றாள் ஃபாத்திமா. கண் கலங்கியிருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்துத் தரை எலும்பாய்க் காய்ந்திருந்தது. என் கொட்டகை சொதசொதவென்று கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோறுகூடத் தின்னாமல் முதல் சாக்கை உருவினேன். மறுமுனையை ஃபாத்திமா பிடித்திருந்தாள்.