பாலம் தாண்டாத பஸ்

மலைச்சாமி முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது எண்பதாம் வருஷம். மாலையும் கழுத்துமாக வீட்டுக்குள் வந்தவர், மனைவி சண்முகத்தாயிடம், "இனி இந்த ஊருல ஒண்ணும் மாறாது" என்றார். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சொன்னபடியே நடந்தும் காட்டினார். கல்யாணமோ சாவோ, முதல் ஆளாகப் போய் நிற்பார். சட்டசபையில் மட்டும் அதிகம் வாய் திறந்ததில்லை. எண்பத்தொன்பதில் ஒரு தடவை தோற்றார். தொண்ணூற்றொன்றில் திரும்பவும் ஜெயித்தார்.

தேவதானத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊருக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் வரும். புளியமரத்தடியில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் காலனி. பஸ் காலனிவரை போனால், திரும்பும்போது அந்தச் சனங்கள் சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். ஊர்க்காரர்கள் அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு போகவேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் காலனிக்குப் பஸ் விடக் கூடாது என்று அனுப்பிய ஒவ்வொரு மனுவிலும் மலைச்சாமி பாலம் பலமில்லை என்றே எழுதினார். அதே பாலத்தில்தான் அவருடைய கரும்பு லாரி போய்வந்தது.

சண்முகத்தாய் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். பேசமாட்டாள். யார் எந்த முகத்தோடு வந்து எந்த முகத்தோடு போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றைந்தில் மனு எடுபடவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ் காலனிவரை போகும் என்று உத்தரவு வந்துவிட்டது. வியாழன் மத்தியானம் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். மலைச்சாமி சத்தம் போட்டால் சண்முகத்தாய்க்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயம். அன்று மெதுவாகப் பேசினார்.

"பஸ் பாலத்தத் தாண்டக் கூடாது. ஆளு அடிபடாமப் பாத்துக்கிடுங்க." ஒரு வாய் காப்பி குடித்தார். "பட்டாலும் பரவாயில்ல."

அன்று சாயங்காலம், மலைச்சாமியின் பருத்திக்காட்டில் களை எடுக்கும் பிச்சையம்மாள் கொல்லைப் பக்கம் வந்தாள். காலனிக்காரி. மகளுக்கு ஒன்பதாம் மாதம். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, புது பஸ்ஸிலேயே வீட்டு வாசல்வரை கூட்டி வரப்போவதாகச் சொன்னாள்.

மாட்டுத் தொழுவத்தில் வேலையாள் இருந்தான். சண்முகத்தாய் நேராகச் சொல்ல முடியாமல், "நாளைக்கே வரணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பிச்சையம்மாள் சிரித்தாள். "மொத நாளு ஏறாம பொறவு எப்ப ஏற, தாயி?"

மறுநாள் மத்தியானம் பாலத்தோரம் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லர் நிறைய ஜல்லி. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் கேலி பேசவில்லை, பீடி பற்றவைக்கவில்லை. டீக்கடைக்காரர் கண்ணாடி ஜாடிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். புளியமரத்தடியில் கூடையோடு நின்ற சண்முகத்தாய் அதையும் பார்த்தாள்.

பஸ் வந்தது. ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். காலனிக்காரர்கள் இறங்கவில்லை. மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம், வயிற்றில் கைவைத்தபடி பிச்சையம்மாளின் மகள். பின் சீட்டில் பிச்சையம்மாள்.

சண்முகத்தாய் ஏறினாள்.

"ஆச்சி, பஸ் காலனிக்குப் போவுது" என்றார் கண்டக்டர்.

"தெரியும். ஒரு டிக்கெட்டு குடு."

அந்தப் பெண்ணை உள்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லி, ஜன்னலோரம் தான் உட்கார்ந்தாள். வெளியே நன்றாகத் தெரியும்படி முகத்தை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

பாலத்தருகே ஒருவன் ஜல்லிக் கல்லோடு கையை ஓங்கினான். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. மலைச்சாமியைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சட்டையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றிருந்தார் அவர். சண்முகத்தாய் முகத்தை எடுக்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார், தலையை ஆட்டவில்லை. பஸ் தாண்டிப் போனது.

காலனியில் மகளைக் கைத்தாங்கலாக இறக்கிய பிச்சையம்மாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படித் திரும்பிப் போவீக, தாயி?"

"இதே பஸ்லதான்."

திரும்பும்போது அங்கிருந்து யாரும் ஏறவில்லை. டிரைவர், கண்டக்டர், அவள். தூரத்திலேயே பாலம் தெரிந்தது. டிராக்டர் போகவில்லை. வெள்ளைச் சட்டை இப்போது சுவரோரம் இல்லை. பாலத்தின் நடுவில் நின்றது.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சண்முகத்தாய் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து முன்படிக்கு வந்தாள்.