வெளியேறிய நேரம்

இது நடந்தது. கேள்விப்பட்டதை ஊதிப் பெருக்கிச் சொல்கிற பழக்கம் இங்கே இல்லை. ஓசூர்ப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் அந்த வருகைப் பதிவேடு இன்னும் இருக்கிறது. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து. யார் எழுதியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த நூலகத்தின் வரலாறு சுவரிலேயே இருக்கிறது. அடிக்கல் நாட்டியதற்கு ஒரு கல்வெட்டு, திறந்துவைத்ததற்கு ஒன்று, கூரை மாற்றியதற்கு ஒன்று, கழிப்பறை கட்டியதற்கு ஒன்று. நான்கிலும் சேர்த்து நாற்பத்தொரு பிரமுகர்கள். உள்ளே வந்து படிப்பவர்கள் நாளைக்கு ஆறு பேர். சேவைகளுக்கும் குறைச்சல் இல்லை. இரவல் பிரிவு, நாளிதழ்ப் பிரிவு, போட்டித் தேர்வுப் பிரிவு, இணையப் பிரிவு. இணையப் பிரிவு என்பது உறை போட்ட ஒரு கணினி. தொடக்க விழா அன்று உறையைக் கழற்றினார்கள். விழா முடிந்ததும் திரும்பப் போட்டார்கள்.

நூலகர் மேகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அம்மா போன பிறகு வாடகை அறையில் தனியாக இருந்தாள். நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, இரவில் பால் பாக்கெட் கேட்கும்போது தன் குரலே தனக்குப் புதிதாக இருக்கும். நூலகத்தில் மட்டும்தான் அவளை "மேடம்" என்று கூப்பிட யாராவது இருந்தார்கள். அதற்கும் ஆபத்து வந்தது. தினமும் நாற்பது பேருக்குக் குறைவாக வாசகர்கள் வரும் கிளைகளை மூடிவிடுவோம் என்று சுற்றறிக்கை வந்தது.

மேகலா நான்கு வண்ணப் பேனாக்கள் வாங்கினாள். பீரோவின் அடியில் கிடந்த பழைய உறுப்பினர் பதிவேட்டை எடுத்தாள். அதிலிருந்து முப்பத்துநான்கு பெயர்களைத் தினமும் வருகைப் பதிவேட்டில் எழுதினாள். சிலவற்றை வலது கையால், சிலவற்றை இடது கையால். வந்த நேரம் மட்டும் போடுவாள். வெளியேறிய நேரம் என்ற கட்டத்தை விட்டுவிடுவாள். பொய்க்கு எதற்கு இரண்டு நேரம்?

அந்தப் பெயர்களில் அவளுக்குப் பிடித்தது திம்மராயன். உறுப்பினர் எண் பதினான்கு. தொழில், பட்டுக்கூடு வியாபாரம். அவருக்கு எப்போதும் மாலை 5.40. தொழிற்சாலை ஷிப்டு பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய், தெரு காலியாகி, மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சுகிற நேரம் அது. "வாங்க, உட்காருங்க" என்று சில நாள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டும்போது உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும். டொக்... டொக்... டொக்... பக்கத்து லேத் பட்டறை என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. பிறகு ஒரு நாள் ஆய்வாளர் ரத்தினவேல் போன் செய்தார். அவர் எங்கே போனாலும் கூடவே ஒரு பொன்னாடை போகும். பெரும்பாலும் அது அவர் தோளுக்கே திரும்பி வரும்.

"மாவட்டத்திலேயே உங்க திம்மராயன்தாம்மா முதலிடம். அறுநூற்றுப் பன்னிரண்டு நாள்! நூலக வார விழாவுல சிறந்த வாசகர் விருது. வியாழக்கிழமை சாயந்திரம் நானே நேர்ல வந்து கௌரவிக்கறேன். ஆளை உட்கார வைங்க."

ஆள் இல்லை என்றால் பதிவேட்டைத் தோண்டுவார்கள். வேலை போகும். நூலகமும் போகும். பிறகு அந்த வாடகை அறை மட்டும்தான்.

எதிர் டீக்கடை கங்கப்பனிடம் போய் நின்றாள்.

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கற ஆளு மேடம். என்னையப் போயி சிறந்த வாசகருன்னா?"

"பேப்பரை விரிச்சுப் பிடிச்சிட்டு உட்காருங்கண்ணா. போதும்."

"தலைகீழாப் பிடிச்சிட்டன்னா?"

"படம் பார்த்துப் பிடிங்க."

"அந்த சார் நம்ம கடையிலதான் டீ குடிக்கறாரு. மூஞ்சி தெரிஞ்சிருமே!"

"மப்ளர் கட்டிக்குங்க. கண்ணாடி போட்டுக்குங்க. இந்தக் குளிருக்கு யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"வசனம் கிசனம் இருக்குதா?"

"வாயே திறக்காதீங்க. சரியா அஞ்சு நாப்பதுக்கு வந்துருங்க."

வியாழக்கிழமை. மணி 5.38. பஸ்கள் போய்விட்டன.

5.40. கதவு கிரீச்சிட்டது. மப்ளர். தடித்த கண்ணாடி. பழுப்பேறிய சட்டை. வந்தவர் தன் சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் மைப் பேனாவெல்லாம் தேடிப் பிடித்திருக்கிறாரே!

அவர் நடந்தபோது செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அறை நடுவில் ஏதோ அலமாரி இருப்பதைப் போல ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனார். அங்கே அலமாரி எதுவும் இல்லை. டியூப்லைட் எரியாத மூலையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

லேசாக ஒரு நாற்றம். பட்டுக்கூடு வேகவைக்கிற இடத்தில் வருமே, அது.

"நடிப்பு கொஞ்சம் ஜாஸ்திண்ணா" என்றாள் மெதுவாக.



6.20. ரத்தினவேல் வந்தார். முன்னால் பொன்னாடை, பின்னால் டிரைவர். நூலகம் என்பது அறிவுக் கோயில் என்று அந்த ஒரே ஒரு வாசகரின் முதுகைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசினார். இதுவரை எத்தனை புத்தகம் படித்திருப்பீர்கள் என்று கேட்டார். அவர் வாய் திறக்கவில்லை.

"அடக்கம்! பாத்தீங்களா, இதுதான் உண்மையான வாசகரோட அடக்கம்! போட்டோவுக்கு அந்த மப்ளரை மட்டும் எடுத்துருங்க பெரியவரே."

மப்ளர் இறங்கியது. பின்னால் நின்ற மேகலாவுக்கு வெள்ளைத் தலை தெரிந்தது. கங்கப்பன் பவுடர் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார் போல... காதில் சிவப்புக்கல் கடுக்கன் வேறு. ரத்தினவேல் பொன்னாடையைப் போர்த்தி, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கை ஏன் பெரியவரே இப்படிச் சில்லுனு இருக்குது?"

"ஓசூர்க் குளிரு சார்" என்று மேகலா முந்திக்கொண்டாள்.

டிரைவர் படம் எடுத்தார். 6.45க்கு வண்டி கிளம்பியது. மேகலாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. போர்த்திய பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

7.05. போன் அடித்தது.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. சரக்கு வாங்கிட்டுத் திரும்பறப்போ குருபரப்பள்ளிகிட்ட லாரி கவுந்து ரோடே அடைச்சுப் போச்சு. மூணு மணியில இருந்து பஸ்சுக்குள்ளயே உட்கார்ந்திருக்கறேன், இப்பத்தான் டவர் கிடைச்சுது. சார் வந்துட்டுப் போயிட்டாரா? வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

கங்கப்பனின் குரல்.

மேகலா மூலையைப் பார்த்தாள்.

வெள்ளைத் தலை... அசையவில்லை.

"மேடம்? இருக்கறீங்களா?"

போன் கையிலிருந்து நழுவியது.

மின்விசிறி நின்றிருந்தது. எப்போது நின்றது?

லேத் பட்டறைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பட்டறையை ஆறு மணிக்கே மூடிவிடுவார்கள். தினமும் ஆறு மணிக்கே...

அப்படியானால் எட்டு மணிக்குக் கேட்பது?

மூலையிலிருந்து குரல் வந்தது. மெதுவாக. ரொம்ப நாள் பேசாத தொண்டையிலிருந்து வருவது போல.

"வந்த நேரம் எழுதறீங்கம்மா."

...

"போன நேரம் எழுத மாட்டேங்கறீங்களே."



"இன்னிக்காவது... எழுதிட்டுப் பூட்டுங்கம்மா."

பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் எழுதினாள்.

7.12.

நாற்காலி நகர்ந்தது.

கதவு... கிரீச்.

தெருவில் யாரும் இல்லை.

நாற்காலியில் பொன்னாடை மட்டும் கிடந்தது. மடித்து.

எட்டு மணி வரை இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. 7.15க்கே பூட்டினாள். காது தானாகக் கதவைத் தேடிப் போனது. உள்ளே சத்தம் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக.

விழா சனிக்கிழமை விமரிசையாக நடந்தது. சிறந்த வாசகர் உடல்நலக் குறைவால் வரவில்லை என்று சொல்லி, விருதை ரத்தினவேலே பெற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் படம் வந்தது. முக்கால் பங்கு ரத்தினவேல், மீதியில் பொன்னாடை, ஓரத்தில் ஒரு காது.

திங்கட்கிழமை காலை 10.20க்கு அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பெயர் மங்கம்மா. கத்தரித்த படத்தை மேசையில் வைத்தார்.

"இந்தக் காது யாருதும்மா?"

மேகலா குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"கிழிஞ்ச காதுல நூல் சுத்திப் போட்ட கடுக்கன். அந்த நூலைச் சுத்தினதே நான்தான். எங்கப்பா திம்மராயன். அவரு போயி முப்பத்துநாலு வருஷமாகுது. பேரையும் போட்டு, காதையும் போட்டிருக்கறீங்களே, எப்படிம்மா?"

"எப்படி... எப்படி இறந்தாரு?"

"இங்கதான்." மங்கம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்போ நடுவுல பெரிய அலமாரி இருந்துச்சு. அதுக்குப் பின்னால உட்கார்ந்து படிச்சிட்டிருந்தாரு. ஒரு வியாழக்கிழமை, எட்டு மணிக்கு, ஆள் இருக்கறதைப் பாக்காம பூட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை லீவு. நாங்க ஊரெல்லாம் தேடினோம். சனிக்கிழமை காலையில திறந்தப்போ கதவுக்கு உள்பக்கமாக் கிடந்தாரு. நெஞ்சு வலின்னாங்க. அதுக்கப்புறந்தான் நோட்டுல போற நேரம்னு ஒரு கட்டமே போட்டாங்களாம்."

மேகலா பதிவேட்டைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். வெற்றுக் கட்டங்கள்.

"விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சும்மா. அவ்வளவு நேரம் தட்டியிருக்கறாரு." மங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தருக்குக்கூடக் கேக்கலை."

கேட்டது என்று மேகலா சொல்லவில்லை.