குல்ஷனின் மூன்றாவது பாதம்

அச்சிலிருந்து வெந்து வந்த ரப்பர் துண்டு ஆறியதும், அதன் ஓரத்தைக் குல்ஷன் கடித்துப் பார்க்கிறார். பல் பதிந்த தடம் மெல்ல மேலெழுந்தால் சரி. பதிந்தே கிடந்தால் குப்பைத் தொட்டி. "வாயில வெக்காதம்மான்னு எம் பொண்ணு ஹிபா கத்துது. டெஸ்ட் பண்ற மிசினுக்கு எங்க போறது? பல்லு கீது" என்கிறார்.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பட்டறை. லாரிகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் அடிப்பது தொழில். கணவர் இறந்தபின் தனியாகவே நடத்துகிறார். டீயை ஆறவிட்டு ஒரே மடக்கில் குடிப்பார். போனில் யார் வந்தாலும் முதல் வார்த்தை "சொல்லு நைனா"தான்.

அந்தச் "சொல்லு நைனா"வை டென்மார்க்கில் ஒரு பெண்மணியும் கேட்டிருக்கிறார். அங்கே செயற்கைக் கால் செய்யும் சின்னக் கம்பெனி வைத்திருப்பவர். இரண்டு நாட்டுச் சிறுதொழில்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் இரண்டு அரசுகளும் தத்தம் நாட்டு ஆளுக்குப் பணம் தரும் என்றொரு திட்டம். படி ஏறும்போது வளைந்துகொடுக்கும் ரப்பர் பாதம் ஒன்றைச் செய்வதாக இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். செய்தும் காட்டினார்கள்.

குல்ஷன் வார்த்தவை மூன்று. இரண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தன. மூன்றாவதைத் தாயம்மாளுக்கு மாட்டிவிட்டார். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பூ விற்கும் தாயம்மாள், சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். புதுப் பாதம் வந்தபின், யார் தோளையும் பிடிக்காமல் பஸ் ஏறிக் கோயம்பேடு போய் அவரே பூ எடுத்துவந்தார்.

அப்புறம் பணம் நின்றது. இரண்டாம் தவணைக்காகப் பட்டறையைப் பார்வையிட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் கணக்கை முதலிலிருந்து கேட்டார். அவருக்கும் அடுத்தவர், "அப்படி ஒரு ஸ்கீமா?" என்றார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வேலையை ஓட்டினார் குல்ஷன். அதற்குள் டென்மார்க் அரசு வைத்த கெடு முடிந்தது.

"அந்தம்மா நல்ல பொம்பளதான். வீடியோல அழுதுச்சு. அழுதுட்டு வேற நாட்டுல ஆள் பாத்துகினு பூட்ச்சு."

திட்டம் ரத்தானது. 'உரிய காலத்தில் முடிக்கவில்லை' என்ற பழி குல்ஷன்மேல் விழுந்தது. அரசுப் பணத்தில் செய்ததையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தவணையை வட்டியோடு கட்ட வேண்டும். அவரைப் பற்றி எழுத வந்திருந்த நானும் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். மேசைமேல் இரண்டு பாதங்களை எடுத்து வைத்தார்.

"மூணுன்னு இருக்கேம்மா?"

"மூணாவது நடந்துகினு கீது சார். எப்படிப் புடிச்சுகினு வர்றது?"

அதிகாரி சிரிக்கவில்லை. "ரூல் அப்படிம்மா."

"இத்த வெச்சுகினு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?"

"ஸ்டோர்ல வெப்போம்."

அங்கிருந்து நேரே பூந்தமல்லி. மெட்ரோ தூண் நிழலில் தாயம்மாள் கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை ஆட்டிக் காட்டினார். "பாரு குல்ஷனு, சும்மா கும்முனு கீது!"

"அத்தத் திருப்பிக் கேக்கறாங்க தாயம்மா. ஊட்டுப் பத்திரம் பேங்க்ல கீது. இது போவலன்னா ஊடு போவும்."

தாயம்மாள் தொடுத்த சரத்தைக் கூடையில் போட்டார். "பொட்டப் புள்ளைய வெச்சுகினு கீற. கயட்டிக்கோ" என்றார். கூடையை ஓரமாக நகர்த்தியபடியே, "நாளைக்குப் பூவுக்கு யாரைனா அனுப்பணும்."

குல்ஷன் தரையில் உட்கார்ந்து செயற்கைக் காலின் போல்ட்டைத் தளர்த்தினார். ரப்பர் பாதத்தை எடுத்துவிட்டு, தாயம்மாள் மாற்றுக்கென்று கூடைக்கடியில் வைத்திருந்த வளையாத பழைய பாதத்தைப் பூட்டினார். கையோடு வந்த பாதத்தில் தாயம்மாளின் செருப்பு மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பழைய பாதத்தில் நுழைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. மறுபடியும் நுழைத்தார். நழுவியது. முந்தானையால் அந்தச் செருப்பின் தூசியைத் துடைத்து, தாயம்மாளின் நல்ல காலில் கிடந்த செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.